ஷோரூமில் தேங்கிய புதுக் கார்: தள்ளுபடியைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும்போதே கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கார் ஷோரூம்கள் ஆண்டிறுதி விற்பனைக்குத் தயாராகிவிடும். கிளன்மேரியிலும் ஜூரு ஆட்டோ சிட்டியிலும் தள்ளுபடிப் பதாகைகள் ஏறும். சென்ற ஆண்டு தயாராகி இன்னும் நம்பர் ஏறாத கார் ஒன்றைக் காட்டி, "புதுக் காடிதாண்ணே, அஞ்சாயிரம் வெள்ளி குறைச்சுத் தர்றோம், இந்த மாசமே ரெஜிஸ்டர் பண்ணிடலாம்" என்பார் விற்பனையாளர். அவர் சொல்வதில் பொய் இல்லை. கார் புதியது, தள்ளுபடியும் உண்மையானது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஐயாயிரம் ரிங்கிட் எதற்கு ஈடாகத் தரப்படுகிறது?

தேங்கிக் கிடந்த காருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று தாளில் எழுதப்படும் வயது, அதாவது தயாரித்த ஆண்டு. மற்றது உடம்பில் ஏறிய வயது, அதாவது எத்தனை மாதம், எப்படிப்பட்ட இடத்தில் ஓடாமல் நின்றது என்பது. இரண்டையும் தனித்தனியாக எடைபோடத் தெரிந்தவருக்கு இந்தக் கார்களில் சில நல்ல லாபம். தெரியாதவருக்கு, பின்னால் அவர் இழக்கப்போகும் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் தேங்குகிறது?

பெரும்பாலும் காரில் குறை இருப்பதால் அல்ல. யாரும் கேட்காத நிறம், அதிகம் போகாத ரகம், வங்கிக் கடன் கிடைக்காமல் ரத்தான புக்கிங், புது முகப்பு மாடல் வரப்போகிறது என்ற செய்தி கசிந்தது, தேவைக்கு மேல் இறக்குமதி செய்தது, இவையே வழக்கமான காரணங்கள். டீலர் கடன் வாங்கித்தான் ஸ்டாக் வைத்திருப்பார். கார் நிற்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு வட்டி ஓடுகிறது. அதனால்தான் நாள் ஆக ஆகத் தள்ளுபடி கூடுகிறது. ஆண்டு முடிய நாலு வாரம் இருக்கும்போது பேரம் பேசுகிறவர் கை ஓங்கியிருப்பதும் இதனால்தான்.

இரண்டு, மூன்று மாதம் யார்டில் நின்ற காரைத் தேங்கிய கார் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் தாண்டினால் பேட்டரியையும் டயரையும் கவனிக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

தாளில் உள்ள வயது

வாகன உரிமைச் சான்றில், நாம் கிராண்ட் என்று சொல்லும் தாளில், 'தாஹுன் டிபுவாட்' என்று ஓர் இடம் இருக்கும். தயாரித்த ஆண்டு அங்கே ஏறும். பதிவுத் தேதி தனியாக இருக்கும். பழைய கார் சந்தையில் விலை பேசும்போது முதலில் பார்ப்பது தயாரித்த ஆண்டைத்தான். "24 மேக், 25 ரெஜிஸ்டர்" என்று வியாபாரிகள் பேசுவது இதைத்தான். விலையை 24-இல் இருந்துதான் தொடங்குவார்கள். நாளை உங்கள் காரை வாங்க வருகிறவருக்கு வங்கி எத்தனை ஆண்டுக் கடன் தரும் என்பதிலும் இந்த ஆண்டுக்குப் பங்கு உண்டு.

இரண்டு வயதும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. 2025 டிசம்பரில் தயாரித்து 2026 ஜனவரியில் பதிவாகும் கார் ஒரு மாதம்தான் நின்றிருக்கிறது, உடம்பு புத்தம் புதிது. ஆனால் தாளில் ஓராண்டு போய்விட்டது. 2025 ஜனவரியில் தயாரித்து அதே ஆண்டு டிசம்பரில் பதிவாகும் கார் பதினோரு மாதம் வெயிலில் நின்றிருக்கும், தாளில் ஒன்றும் குறையாது. முன்னதற்கு விலையில் பேரம் பேச வேண்டும். பின்னதற்குப் பாகங்களில் பேரம் பேச வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு "பழைய ஸ்டாக்" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குவதுதான் பலர் நட்டப்படும் இடம்.

காப்புறுதியிலும் வயது வேலை செய்கிறது. ஐந்தாண்டு ஆன காரில் விபத்துக்குப் பின் புதுப் பாகம் மாற்றினால், செலவில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். பெட்டர்மென்ட் என்பார்கள். வழக்கமான பத்திரங்களில் இது 15 விழுக்காட்டில் தொடங்கிப் பத்தாண்டிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு வரை போகும். உள்நாட்டில் பொருத்திய புதுக் காருக்கு இந்த வயதைப் பதிவுத் தேதியிலிருந்தும், முழுதாக இறக்குமதியான காருக்குத் தயாரித்த ஆண்டிலிருந்தும் கணக்கிடுவது வழக்கம். ஆக, இறக்குமதிக் கார் தேங்கினால் இந்த இடத்திலும் ஓராண்டு முன்னதாகவே செலவு கைக்கு வரும்.

எவ்வளவு தள்ளுபடி போதும்?

இதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பழைய கார் விளம்பரத் தளங்களில் அதே மாடல், அதே ரகத்தை எடுங்கள். நீங்கள் ஐந்தாண்டு கழித்து விற்பவர் என்றால், இன்றைக்கு ஐந்தாண்டு ஆன காரின் விலையையும் ஆறாண்டு ஆன காரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடிய தூரம் ஏறத்தாழ ஒத்திருக்கும் விளம்பரங்கள் பத்துப் பார்த்தால் ஒரு தொகை தெளிவாகும். எடுத்துக்காட்டுக்கு அது 4,500 ரிங்கிட் என்று வையுங்கள். தாளில் தொலைந்த ஓராண்டின் விலை அதுதான்.

அடுத்து, பலர் மறக்கும் கணக்கு. இந்த ஆண்டுக் காருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று அதே ஷோரூமில் கேளுங்கள். பழைய ஸ்டாக்குக்கு 5,000, புது ஸ்டாக்குக்கு 2,000 என்றால், பழையதை எடுப்பதால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 5,000 அல்ல, 3,000 மட்டுமே. 3,000 வாங்கிக்கொண்டு 4,500-ஐ விட்டுக்கொடுப்பது வியாபாரம் ஆகாது. தள்ளுபடியை 6,500 அல்லது 7,000 வரை பேசி ஏற்ற முடிந்தால் எடுக்கலாம்.

காரைப் பத்தாண்டு ஓட்டுகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். வயது கூடக்கூட, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இடையே உள்ள விலை வித்தியாசம் சுருங்கும். பத்தாண்டுக் காருக்கும் பதினோராண்டுக் காருக்கும் இடையே 1,500 ரிங்கிட்தான் வித்தியாசம் என்று விளம்பரங்கள் காட்டினால், அதே 3,000 தள்ளுபடி நல்ல லாபம். தேங்கிய கார் நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு உரியது. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவர் தள்ளி நிற்பதே நல்லது.

தள்ளுபடி எந்த வடிவில் வருகிறது என்பதையும் பாருங்கள். 90,000 ரிங்கிட் காருக்கு 6,000 தள்ளுபடி. விலையை 84,000 ஆக்கி, பத்து விழுக்காடு முன்பணமாக 8,400 கட்டினால் கடன் 75,600. இதையே சில இடங்களில் விலைச்சீட்டில் 90,000 என்றே வைத்து, 9,000 முன்பணத்தில் 6,000-ஐத் தள்ளுபடியால் ஈடுகட்டி, "மூவாயிரம் கொடுத்தா போதும்" என்பார்கள். இப்போது கடன் 81,000. கையிலிருந்து 5,400 குறைவாகப் போகிறது, ஆனால் அதே 5,400 கடனில் ஏறி, ஒன்பதாண்டு வரை வட்டி தின்கிறது. கையில் பணம் இல்லாதவருக்கு இது உதவலாம். ஆனால் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடி டிண்ட், கோட்டிங், டேஷ்கேம் என்று "மூவாயிரம் மதிப்புள்ள" இலவசங்களைவிட ஆயிரத்து ஐந்நூறு ரொக்கக் குறைப்பு மேல்.

உடம்பில் ஏறிய வயது

நம் ஊர் வெயிலும் ஈரமும் ஓடாமல் நிற்கும் காரை மெல்ல மெல்லக் கெடுக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் கெடுவதில்லை; முதலில் போவது பேட்டரி.

இன்றைய காரில் பூட்டிய பிறகும் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சில வாரம் ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் பேட்டரி இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். அதன்பின் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. யார்டில் ஜம்பர் கொடுத்து எழுப்பி, அன்றைக்கு மட்டும் நன்றாக ஸ்டார்ட் ஆகும் பேட்டரி நாலு மாதத்தில் கைவிடுவது இதனால்தான். சோதிப்பது எளிது. சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. சார்ஜ் ஏற்றி மறுநாள் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். 12.2-க்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி கேளுங்கள், அதையும் சேல்ஸ் ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டாப்-ஸ்டார்ட் வசதியுள்ள காரில் அதற்கென உள்ள ரகப் பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணப் பேட்டரியை மாட்டித் தந்தால் ஏற்காதீர்கள்.

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் டயரின் மறுபக்கத்தில் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டு ஆன டயர் கெட்டுப்போனது அல்ல, பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஒரே இடத்தில் நின்று தட்டையான பகுதியைப் பற்றி. அப்படியிருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். இருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடேறியதும் அதிர்வு நின்றால் சரி. நிற்காவிட்டால் டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். டயர் தட்டையாகாமல் இருக்க யார்டில் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பது உண்டு. ஒப்படைக்கும்போது அதை இறக்க மறந்துவிடுவார்கள். புதுக் கார் கட்டாந்தரையில் போவதுபோல் குலுங்கினால் முதலில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவோடு காற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் டிஸ்க்கில் மேலாகப் படிந்த துரு நாலைந்து பிரேக்கில் தேய்ந்து போய்விடும். பிரேக் அட்டை பதிந்திருந்த வடிவத்திலேயே ஆழமான துருத்தழும்பு இருந்தால் அது போகாது. மிதிக்கும்போது கால் துடிக்கும். பினாங்குத் தீவில் கடலோரம் திறந்த வெளியில் நின்ற கார் என்றால் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், அந்தக் கணக்கு தயாரித்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான். ஓராண்டு தாண்டிய காருக்கு, எண்ணெயும் ஃபில்டரும் ஒப்படைக்கும் முன்பே மாற்றப்பட வேண்டும். டேங்கில் சில லிட்டர்தான் இருக்கும், அது பல மாதப் பழையது. சாவி வாங்கியதும் நேராகப் பெட்ரோல் நிலையம் போய் முழு டேங்க் அடியுங்கள்.

பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை, கடித்த ஒலித்தடுப்புப் பஞ்சு, பல் பட்ட ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்ததற்கு வாரண்டி வராது. ஏர்கோனைப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். நம் ஈரக் காற்றில் அதற்குள் காரின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கலாம், அந்தத் தண்ணீர் தரை விரிப்புக்குள் இறங்கும். பூஞ்சை நாற்றம் வந்தால் பயணி பக்க விரிப்பை அழுத்திப் பாருங்கள்.

வெள்ளத்தையும் மனதில் வையுங்கள். 2017 நவம்பரில் பினாங்கும், 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தாழ்வான யார்டும் தப்பாது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடோ பூஞ்சைப் புள்ளியோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஸ்பேர் டயருக்கு அடியில் மண் படிவு, இருக்கையின் அடிக்கம்பிகளில் துரு இருந்தாலும் அதே முடிவுதான். அந்த பெல்ட்டின் அடியிலேயே தைத்த சிறு துணி லேபிளில் பெல்ட் தயாரித்த நாள் அச்சிட்டிருப்பதும் உண்டு. கார் அதற்கு முன் தயாராகியிருக்க முடியாது என்பதால், கார் எப்போது தயாரானது என்று மதிப்பிட அது நம்பகமான தடயம். சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து சில கம்பெனிகளில் ஆண்டைக் குறிக்கும். எல்லாக் கம்பெனியும் அந்த முறையைப் பின்பற்றுவதில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள்.

காட்சிக் காரும் டெஸ்ட் டிரைவ் காரும்

இவை இரண்டும் ஒன்றல்ல. ஷோரூமுக்குள் நின்ற காட்சிக் கார் வெயில் படாதது, பெரும்பாலும் நம்பர் ஏறாதது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்கியிருப்பார்கள். ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு, கதவு ரப்பர், பூட் மூடியின் ஓரம் தேய்ந்திருக்கும். எஞ்சினை ஓட்டாமல் திரையையும் விளக்கையும் நாள் முழுக்க எரியவிட்டிருப்பதால் பேட்டரி பலமுறை இறங்கியிருக்கும். புதுப் பேட்டரி கேட்பது நியாயம். டெஸ்ட் டிரைவ் கார் ஏற்கெனவே கம்பெனி பெயரில் பதிவானது. அதை வாங்கினால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர், வாரண்டியும் ஓடத் தொடங்கிவிட்டது, கடனும் பழைய கார் கணக்கில்தான் வரும். தள்ளுபடியைப் புதுக் காரோடு அல்ல, ஓராண்டு ஆன பழைய காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரக் கார் என்றால்

முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்கு முன் கொண்டுவந்த ஸ்டாக்கின் விலையைப் பார்த்தால் ஆசை வரும். பெரிய பேட்டரி பாதி சார்ஜில் நின்றால் நல்லது. முழு சார்ஜிலோ அடியோடு இறங்கியோ பல மாதம் வெயிலில் நின்றால் அதன் கொள்ளளவு குறையும். சர்வீஸ் மையத்தில் பேட்டரி நலம் எத்தனை விழுக்காடு என்று பார்த்து அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். இந்தக் கார்களிலும் 12 வோல்ட் சிறு பேட்டரி உண்டு, அது போனால் சில கார்களில் கதவே திறக்காது. புது மாடல் வந்ததும் பழையதன் விலை சடாரென விழும் சந்தை இது என்பதால், தாள் வயதுக்கான கணக்கை இங்கே இன்னும் கறாராகப் போடுங்கள்.

நம்பர் ஏறும் முன்

எல்லாச் சோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் உங்கள் பெயரில் பதிவாகும் முன் முடிய வேண்டும். பதிவான நிமிடம் அது உங்கள் கார். குறை கண்டுபிடித்தால் பழுது பார்த்துத் தருவார்களே தவிர வேறு கார் தருவது அரிது.

நம்மவர்கள் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் காரை எடுத்து, நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போடுவார்கள். அது அழகான வழக்கம். ஆனால் பூஜை நேரம் பத்தரைக்கு என்றால், பத்து மணிக்குச் சாவி வாங்கும்போது யாரும் டயர் இலக்கம் பார்க்க மாட்டார்கள். எனவே ஒரு வாரம் முன்பே, பகல் வெளிச்சத்தில், காரைக் கழுவிய நிலையில் போய்ப் பாருங்கள். தூசி படிந்த காரில் பறவை எச்சம் அரித்த தடமும், மறுபெயிண்ட் அடித்த கதவின் நிற வேறுபாடும் தெரியாது. சேசிஸ் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, ஒப்படைக்கும் நாளில் அதே கார்தானா என்று சரிபாருங்கள். அந்த எண்ணைக் கொடுத்து, நிலுவையில் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். நெடுநாள் நின்ற காரில் இந்த வேலைகள் செய்யப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

சேல்ஸ் ஆர்டரில் தயாரித்த ஆண்டு, சேசிஸ் எண், தள்ளுபடித் தொகை, மாற்றித் தர ஒப்புக்கொண்ட பாகங்கள், வாரண்டி பதிவுத் தேதியிலிருந்து தொடங்கும் என்ற வரி, இவ்வளவும் இருக்க வேண்டும். "அதெல்லாம் செஞ்சிடலாம், கவலைப்படாதீங்க" என்ற வாய்மொழி, விற்பனையாளர் வேலை மாறிப் போனதும் காற்றில் போய்விடும். ஹயர் பர்ச்சேஸ் எனும் தவணைக் கடனில் வாங்கும்போது புக்கிங் பணம் ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. 84,000 ரிங்கிட் காருக்கு 840. அதற்கு ரசீது வாங்குங்கள். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்தில் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் இழுத்தடித்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே பேசுவது சேல்ஸ் ஆர்டரும் ரசீதும் நீங்கள் எடுத்த படங்களும்தான்.